சொந்த வாக்கியத்துக்கு இடம் கொடுப்போம்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் சேரும் குழந்தை இன்று முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படிக்கிறது. 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் இருமொழிக் கொள்கையை உறுதிசெய்தது. பள்ளியில் தமிழுக்கு அடுத்த இடம் ஆங்கிலத்துக்கு என்றானது. ஆக, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை பத்தாண்டு ஆங்கிலம் படித்த பிள்ளை. ஆனாலும் "நேற்று ஏன் வரவில்லை? நாலு வரி ஆங்கிலத்தில் எழுது" என்றால், சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பல வகுப்பறைகளில் பேனா நகர்வதில்லை. 'லீவ் லெட்டர் எழுது' என்றால் அதே பிள்ளை 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று பிழையில்லாமல் எழுதிவிடுகிறது. உண்மையில் விடுப்பு எடுத்தது அக்காவின் வளைகாப்புக்காக இருக்கலாம். அதைச் சொல்ல அந்தப் பிள்ளையிடம் வாக்கியம் இல்லை. காய்ச்சலுக்கு மட்டும் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இலக்கணம் போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். ஆய்வுகளும், சென்னையிலேயே நடந்த சில பெரிய முயற்சிகளின் அனுபவமும் வேறு இடத்தைச் சுட்டுகின்றன. விதிகளைப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தான் சொல்ல நினைத்ததைத் தானே வாக்கியமாக்கும் வேலைதான் அவர்களுக்குத் தரப்படுவதில்லை. அந்த வேலையைத் தினமும் கொடுத்து, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தாய்மொழி இலக்கணத்தை அதற்குத் துணையாக்கினால் நிலைமை மாறும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொழிற்பேட்டை தந்த ஆசை

இந்த வட்டாரத்தில் ஆங்கிலத்துக்கு உள்ள மதிப்பு தொழிற்சாலைகளோடு வளர்ந்தது. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. ஆவடியில் 1961இல் உருவாகத் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை பிறந்து, சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. பின்னர் ஐ.டி. பூங்காக்கள் வந்தன, பூந்தமல்லிக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர் வரை மின்னணு, கார் தொழிற்சாலைகள் வந்தன. கையில் தொழில் இருந்தவர்களுக்கு வேலை கிடைத்தது. அறிக்கை எழுதவும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பவும் தெரிந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இந்தக் குடும்பங்கள் இதைக் கண்ணால் பார்த்தவை. அதனால்தான் கட்டணம் கட்ட முடிந்தவர்கள் மெட்ரிக் பள்ளியைத் தேடினார்கள். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தபோது மற்றவர்கள் அவற்றைத் தேடினார்கள்.

பெற்றோரின் ஆசையில் தவறில்லை. ஆனால் பயிற்றுமொழி மாறியதால் மட்டும் எழுத்து வந்துவிடவில்லை. ஆங்கில வழிப் பிரிவில் ஆசிரியர் அறிவியலைத் தமிழில் விளக்குகிறார், விடை கைடிலிருந்து ஆங்கிலத்தில் நோட்டுக்கு வருகிறது, அது மனப்பாடமாகிறது. ஆங்கிலப் பாடத்தில் மட்டும் இருந்த சிக்கல் அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் பரவிவிடுகிறது. ஒளிச்சேர்க்கை புரிந்த மாணவியால்கூட அதைச் சொந்தமாக மூன்று வரியில் எழுத முடியாமல் போகிறது.

தேர்வும் இதற்குத் துணைபோகிறது. முன்பு இரண்டு தாள்களாக இருந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 2019-20 முதல் 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். அதில் மனப்பாடச் செய்யுள் உண்டு, பத்தி வினா உண்டு, கடிதம் உண்டு, படத்தைப் பார்த்துக் கருத்து எழுதும் வினாவும் உண்டு. இந்தப் பட வினா மாணவரின் சொந்த எழுத்துக்காகவே வைக்கப்பட்டது. ஆனால் எந்தப் படத்துக்கும் பொருந்துகிற ஐந்து வாக்கியங்களைக் கைடுகளும் 'ஸ்லோ லேர்னர்' மெட்டீரியல்களும் தயாராகக் கொடுத்துவிடுகின்றன. தேர்ச்சி விழுக்காடு நெருக்கும்போது ஆசிரியர்களுக்கும் அதுதான் பாதுகாப்பான வழியாகத் தெரிகிறது.

நாடு முழுவதும் பள்ளிக் கல்வியை அளக்கும் ஏசர் ஆய்வு 2023இல் 26 மாநிலங்களின் 28 ஊரக மாவட்டங்களில் 14 முதல் 18 வயதினரைச் சோதித்தது. 57.3% பேர் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசித்தார்கள். அப்படி வாசித்தவர்களிலும் சுமார் முக்கால் பங்கினருக்கே பொருள் சொல்ல முடிந்தது. ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதச் சொல்லும் சோதனை அதில் இல்லை. அளக்கப்படாத திறனுக்குப் பாடவேளையும் கிடைப்பதில்லை.

விதி கற்பித்தால் எழுத்து வருமா?

இக்கேள்வியை உலகம் நீண்ட காலமாக ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவில் பிராடாக், லாயிட்-ஜோன்ஸ், ஷோயர் ஆகியோர் 1963இல் வெளியிட்ட அறிக்கை, இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்துவதால் எழுத்து மேம்படுவதில்லை என்றது. அதற்குச் செலவாகும் நேரம் எழுதும் நேரத்தைப் பறிப்பதால் கேடும் நேரலாம் என்றும் எச்சரித்தது. ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் இருவரும் 2007இல் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து, ஒவ்வொரு முறையின் பயனையும் எண்ணாகக் கொடுத்தார்கள். பூஜ்யம் என்றால் பயனில்லை, கூடினால் முன்னேற்றம். திட்டமிட்டு, எழுதி, திருத்தும் உத்திகளைக் கற்பித்தல் 0.82, மாணவர்கள் ஒருவருக்கொருவர் உதவி எழுதுதல் 0.75, இரண்டு மூன்று சிறு வாக்கியங்களை ஒன்றாக இணைக்கும் பயிற்சி 0.50. தனித்து நடத்தப்படும் இலக்கணப் பாடம் மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 0.32.

இந்த எண்களை அப்படியே ஆவடிக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. அந்த மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர்கள். விதி தெரியாமலே சரியான வாக்கியம் அவர்கள் வாயில் வரும். இரண்டாம் மொழியாகக் கற்பவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2000இல் தொகுத்த நாரிஸ், ஒர்டேகா இருவரும் விதிகளை வெளிப்படையாக விளக்குவது உதவுகிறது என்று கண்டார்கள். எனவே நம் பிள்ளைகளுக்கு இலக்கணம் வேண்டும். எழுத உட்கார்ந்த பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் தேவைப்படும் சிறு அளவில் அது வர வேண்டும். 'வகைகள் எத்தனை, அவை யாவை' என்று தொடங்கும் பாடம் எழுதும் கைக்கு எட்டுவதில்லை.

1930களில் வெளிவந்து இன்றும் விற்பனையாகும் ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தைப் பல வீடுகளில் பெற்றோர் நம்பிக்கையோடு வாங்கி வைக்கிறார்கள். சந்தேகம் வரும்போது புரட்ட அது நல்ல நூல். ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதத் தொடங்குவதற்கான நூல் அது அன்று.

தமிழ் வகுப்பில் கற்றது ஆங்கில வகுப்பில் உதவும்

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய மூலதனம் ஒன்று உண்டு. நடுநிலை வகுப்புகளிலேயே எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், வேற்றுமை, எச்சம் என்று வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கத் தமிழாசிரியர் கற்றுக் கொடுத்திருக்கிறார். அடுத்த மணியில் ஆங்கில ஆசிரியர் வந்ததும் இவை எதுவும் தெரியாத பிள்ளையாக எண்ணி முதலிலிருந்து தொடங்குகிறார். ஒரு மொழியில் பெற்ற அறிவு இன்னொரு மொழிக்கு அடித்தளமாகும் என்று கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் எழுதினார். நான்கு இடங்களில் அது நம் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயன்படும்.

முதலாவது, 'எஸ்' சேர்க்கும் இடம். 'மை மதர் குக் ரைஸ்' என்று எழுதும் பிள்ளையிடம் "தேர்ட் பெர்சன் சிங்குலர் வந்தால் எஸ் போடு" என்கிறோம். அது மனதில் நிற்பதில்லை. நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறான், நடக்கிறாள், நடக்கிறது என்று எழுவாய்க்கேற்ப வினையின் விகுதி மாறுவது அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதிலேயே தெரியும். ஆங்கில நிகழ்காலத்தில் பெரும்பாலான வினைகளுக்கு இத்தனை விகுதிகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது. 'அவன், அவள், அது' என்று சொல்லக்கூடிய ஒருமை எழுவாய் வந்தால் அது வரும். இப்படிச் சொன்னால் விதி புதிதாகத் தெரியாது. தன் மொழியைவிட எளிதாகவே தெரியும்.

இரண்டாவது, 'ஏ', 'தி' என்னும் முன்சொற்கள். தமிழில் இவை இல்லை என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ்ப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். முன்னது ஏதோ ஒரு புத்தகம். பின்னது நாம் இருவரும் அறிந்த அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமையின் ஐ உருபு செய்யும் இந்த வேலையில் ஒரு பகுதியைத்தான் ஆங்கிலத்தில் 'தி' செய்கிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆயினும் 'ஐ பாட் ஏ புக்', 'ஐ பாட் தி புக்' இரண்டையும் பிரித்துணர இதைவிட நல்ல வாசல் இல்லை.

மூன்றாவது, இடம் காட்டும் சொற்கள். ஆவடியில், பஸ்ஸில், வீட்டில் என்று தமிழ் ஒரே 'இல்' உருபைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலம் 'இன் ஆவடி', 'ஆன் தி பஸ்', 'அட் ஹோம்' என்று பிரிக்கிறது. பிழை எங்கே வரும் என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்தால், அந்த மூன்று தொடர்களையும் அருகருகே வைத்துப் பழக்கலாம்.

நான்காவது, வாக்கியத்தை நீட்டும் முறை. 'கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன்' என்று வினையெச்சங்களைக் கோத்துப் பேசுகிறோம். இதை ஆங்கிலமாக்க முனையும் பிள்ளை 'கோ, பை, கம்' என்று மூன்று வினைகளை வரிசையாக வைத்துவிட்டுத் திணறும். எச்சங்களைத் தனித்தனி வாக்கியமாக்கி, பிறகு இணைக்கக் கற்றுக்கொடுத்தால் திணறல் நீங்கும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய பள்ளிகளில் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தெலுங்கும் உருதும் பேசும் குடும்பங்கள் இங்கே பல தலைமுறையாக இருக்கின்றன. இம்மொழிகளிலும் வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. இடம் காட்டும் சொல் பெயருக்குப் பின்னே வருகிறது. இந்தியின் 'கோ' உருபும் நம் ஐ உருபைப் போலவே குறிப்பிட்ட பொருளைச் சுட்டப் பெரிதும் வருகிறது. எனவே "உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்கும் ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கும் வாசலைத் திறக்கிறார். அந்த மொழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சென்னை ஏற்கெனவே செய்து பார்த்தவை

ஆங்கிலம் கற்பிப்பதில் சென்னை உலகுக்கே பாடம் தந்த நகரம். 1789இல் எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்து, மூத்த மாணவர்களை இளையவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். 1797இல் அவர் அதைப் பற்றி எழுதிய நூலுக்குப் பின் அது 'மெட்ராஸ் முறை' என்று பிரிட்டன் முழுவதும் பரவியது.

1950களின் இறுதியில் மதராஸ் மாநிலம் 27,000 தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க முயன்றது. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வழியே பலருக்குப் பரப்பும் இத்திட்டம் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர் பெற்றது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கி, வாய்விட்டுச் சொல்லிப் பழக்குவது அதன் முறை. ஒழுங்கு இருந்தது. ஆனால் பிள்ளைகள் சொன்ன வாக்கியங்கள் ஆசிரியர் கொடுத்தவை; வகுப்புக்கு வெளியே அவற்றுக்கு வேலை இருக்கவில்லை.

இந்தக் குறையை ஆராய்ந்தவர் என்.எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பட்டியல் கிடையாது. ரயில் கால அட்டவணை, வரைபடம், பள்ளி நேர அட்டவணை ஆகியவற்றைக் கொடுத்து, யோசித்துத் தீர்க்க வேண்டிய கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்பார்கள். பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போது மொழியின் அமைப்பு தானே படியும் என்பது அவர் நம்பிக்கை. 1985இல் வெளியான பெரெட்டா, டேவிஸ் மதிப்பீடு, வழக்கமான வகுப்புகள் அமைப்புத் தேர்வில் முந்தினாலும், மொழியைப் பயன்படுத்தும் தேர்வுகளில் பிரபுவின் மாணவர்கள் முந்தினார்கள் என்று காட்டியது. இன்று உலகெங்கும் பேசப்படும் செயல்வழி மொழிக் கற்பித்தலுக்கு இது ஒரு தொடக்கப் புள்ளி. அது பிறந்த மண்ணில் நம் வகுப்பறைகள் அதை மறந்துவிட்டன.

மீண்டும் தொடங்குவது கடினமில்லை. பட்டாபிராமிலிருந்தோ திருநின்றவூரிலிருந்தோ மின்சார ரயிலில் வரும் மாணவர்களுக்குக் கால அட்டவணை வாழ்க்கைப் பொருள். "கீதா அண்ணனூரில் ஏறுகிறாள், ஒன்பது மணிக்குள் சென்ட்ரல் சேர வேண்டும், எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும், ஏன்?" என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுதும்போது 'மஸ்ட்', 'பிஃபோர்', 'பிகாஸ்' மூன்றும் தேவையோடு உள்ளே வருகின்றன. 'தி டிரெய்ன் கேம் லேட்', 'வி மிஸ்ட் தி ஃபர்ஸ்ட் பீரியட்' என்ற இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னால் வாக்கிய இணைப்புப் பயிற்சி அங்கேயே முடிகிறது.

வாசிப்பு இல்லாமல் எழுத்து இல்லை

பிஜித் தீவுகளில் 1980களின் தொடக்கத்தில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் நடத்திய ஆய்வு நமக்கு நெருக்கமானது. அங்கே கரும்புத் தோட்டங்களுக்குப் போன தென்னிந்தியர்களின் வழிவந்தவர்களும் உண்டு. கிராமப் பள்ளிகளில் ஆங்கிலம் இரண்டாம் மொழி. எட்டுப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குத் தலா 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்து, தினமும் வாசிக்க வைத்தார்கள். முதலாண்டில் வாசிப்புத் திறன் வழக்கமான வகுப்புகளைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. இரண்டாம் ஆண்டில் முன்னேற்றம் எழுத்துக்கும் பரவியது.

தமிழக அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு தமிழ் நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அதே அச்சில் எளிய ஆங்கில நூல்கள் வந்தால் பிள்ளையின் காதில் வாக்கியம் தங்கும். பாடநூலின் உரைநடைப் பாடங்கள் மட்டும் அதைச் செய்யப் போதா.

யார், எப்போது, எப்படி?

ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு நல்ல தொடக்கம் உண்டு. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13 அன்று தொடங்கப்பட்டது இம்மாவட்டத்தில், புழலை அடுத்த அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் இருக்கும் நிலையிலிருந்து கற்பிக்கும் திட்டம் அது. 2025-26இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 'திறன்' திட்டம் அதே எண்ணத்தைத் தொடர்கிறது. மாலை வேளைக்கு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி வழிகாட்டியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் அதில் கற்பித்தார்கள். கோவிட் காலக் கற்றல் இழப்பை ஊரகத் தமிழ்நாட்டில் ஆராய்ந்த அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும், மீட்சியில் சுமார் 24% இத்திட்டத்தால் வந்தது என்று கணித்தார்கள். பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள் மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததன் விளைவு அது.

இந்த அமைப்புகளுக்குள் எழுத்துக்குத் தினமும் 15 நிமிடம் ஒதுக்கினால் போதும். முதல் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வாழ்க்கையிலிருந்து உண்மையான ஒரு வாக்கியம் எழுத வேண்டும். தெரியாத சொல்லைத் தமிழிலேயே எழுதலாம். அடுத்த ஐந்து நிமிடம் இருவர் இருவராக நோட்டை மாற்றி வாசிக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு ஒன்பதாம் வகுப்பினர் துணைவந்தால் பெல் கண்ட பயன் நமக்கும் கிடைக்கும். கடைசி ஐந்து நிமிடம் அன்றைய ஒரே ஒரு இலக்கணக் கூறு, கரும்பலகையில், பிள்ளைகள் எழுதிய வாக்கியத்தை வைத்தே.

திருத்தும் முறையும் மாற வேண்டும். பிழை என்பது கற்பவர் தமக்குள் உருவாக்கிக்கொண்டிருக்கும் விதியைக் காட்டும் சான்று என்று பிட் கோர்டர் 1967இல் எழுதினார். 'ஷி டீச்சர்' என்று எழுதிய பிள்ளைக்கு 'இஸ்' கற்றுக்கொடுத்ததும் சில வாரங்கள் 'ஷி இஸ் கோ டு ஸ்கூல்' என்று எழுதும். இது வளர்ச்சியின் அடையாளம். சிவப்பு மையால் பக்கம் நிறைந்தால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் கைடைப் பார்த்து எழுதும். இரண்டு வாரத்துக்கு ஒரு கூறு என்று முடிவுசெய்து, அதை மட்டும் திருத்தினால் பிள்ளைக்குத் தெளிவு, ஆசிரியருக்கு ஓய்வு. 40 நோட்டுகளை நோட்டுக்கு ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இவ்வளவும் செய்தாலும் தேர்வு மாறாவிட்டால் ஒன்பதாம் வகுப்போடு இது நின்றுவிடும். பத்தாம் வகுப்புத் தாளில் முன்கூட்டித் தயாரிக்க முடியாத, மாணவரின் ஊரையும் வீட்டையும் பற்றிய ஒரு வினாவுக்குக் கணிசமான மதிப்பெண் ஒதுக்க வேண்டும். சிறு பிழைகள் இருந்தாலும் பொருள் விளங்கினால் மதிப்பெண் உண்டு என்று விடைத்திருத்தக் குறிப்பில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பெற்றோரும் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கோ டியூஷனுக்கோ போகும்போது "எத்தனை மார்க்?" என்பதோடு இன்னொன்றையும் கேட்கலாம்: "என் பிள்ளை இந்த வாரம் பார்த்து எழுதாமல், தானே யோசித்து எழுதிய ஆங்கில வாக்கியத்தைக் காட்டுங்கள்." அந்த வாக்கியத்தில் பிழை இருக்கட்டும். மேற்குப் புறநகரின் பள்ளிகளில் இக்கேள்வி வழக்கமாகிவிட்டால், நோட்டுகளில் அதற்கான பக்கத்தை ஆசிரியர்களே திறந்துவிடுவார்கள்.